கீபோர்டு ட்ரேக்குள் ஒரு கை

பிசியோதெரபி டாக்டர் கொடுத்த தாளை முதலில் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு எடுத்து விரித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, பீரோ கதவில் ஒட்டினேன். இரண்டையும் கோபத்தில்தான் செய்தேன்.

கம்ப்யூட்டரில் பேனா கொண்டு வரைபவர்கள் எப்படி உட்கார வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு படம் இருக்கிறது. படத்தில் ஒருவன். முதுகு நேராக இருக்கிறது. இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்திருக்கின்றன. முழங்கை மேஜை உயரத்திலேயே மடங்கியிருக்கிறது, மணிக்கட்டு எங்கும் ஒடியவில்லை. வரைகிற பலகை அவன் நெஞ்சுக்கு நேர் எதிரே. அதற்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், கண் மட்டத்தில் திரை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லி ஓரத்தில் ஒரு கடிகாரம் வேறு. ஆள் சிரித்துக்கொண்டிருக்கிறான். ஏன் சிரிக்க மாட்டான்? அவன் தோளுக்குப் பின்னால் ஏழு பேர் நின்றுகொண்டு மூக்கைக் கூர்மையாக்கு, தாடையைக் குறை என்று சொல்லவில்லை. அதோடு, பேனா அவனுடைய வலது கையில் இருக்கிறது.

எனக்கு வரைகிற கை இடது கை.

ராஜபாளையத்தில் ஒரு டிசைன் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, மில் காலண்டர், பேண்டேஜ் துணி அட்டைப்பெட்டி, எல்லாம் எங்கள் கடையில் நடக்கும். போட்டோவை வெட்டி ஒட்டுகிற வேலைக்கு மற்ற இரண்டு பேர் இருக்கிறார்கள். கையால் வரைய வேண்டியது எல்லாம் என்னிடம் வரும். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிறது, நானும் அப்படித்தான்.

சாப்பிடுவதை அம்மா மூன்று வயதிலேயே வலது கைக்கு மாற்றிவிட்டாள். எழுதுவதையும் வரைவதையும் யாராலும் மாற்ற முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் நொட்டாங்கை என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களே பிறகு சயின்ஸ் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு படம் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். அப்போதே நாலு பேருக்கு இதயத்தின் வால்வைத் தப்பாக வரைந்து கொடுத்திருக்க வேண்டும். நல்ல பிள்ளையாக இருந்து தொலைத்தேன்.

கடையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் அண்ணாச்சி எனக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தந்தார். கடையில் அதைப் பேட் என்போம். ஸ்லேட்டு அளவில் ஒரு கறுப்புப் பலகை. அதில் திரை கிடையாது. பலகையில் பேனாவை இழுத்தால் கோடு எதிரே மானிட்டரில் விழும். வரைகிறவள் கையைப் பார்க்க வேண்டியதே இல்லை, நிமிர்ந்து மானிட்டரைப் பார்த்தால் போதும். இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஒரு வசதிதான் பின்னால் என் கையைக் கெடுத்தது.

பேட் வலது கைக்காரர்களுக்காகச் செய்ததுதான், ஆனால் செய்தவன் என்னையும் நினைத்திருந்தான். பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, செட்டிங்ஸில் இடது கை என்ற இடத்தில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. பட்டன்கள் வலது பக்கம் போய்விடும், கை அழகாக உட்காரும். எந்த நாட்டிலோ இருக்கிற யாரோ ஒரு ஆள், என்னைப் பார்த்தே இராதவன், எனக்காக ஒரு டிக் வைத்திருந்தான். சில வருடங்கள் அந்த டிக்கில் ராணி மாதிரி வேலை பார்த்தேன். கழுத்து வலி தெரியாது, கை வலி தெரியாது.

அதற்குப் பிறகு அந்தக் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள்.

சேத்தூரைத் தாண்டி ஒரு கிராமம். அவர்கள் அம்மன் கோவிலுக்குச் சித்திரைப் பொங்கல், ஊர் எல்லையில் வைக்கப் பெரிய பேனர் வேண்டும். கருவறையில் போட்டோ எடுக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. வேறு அம்மன் படத்தைப் போட்டால் ஊர் ஒத்துக்கொள்ளாது. அதனால் கமிட்டியே நேரில் வந்து நின்று, சாமி எப்படி இருக்கும் என்று சொல்லிச் சொல்லி வரைய வைக்க வேண்டும். ஏழு பேர் வந்தார்கள். தலைவர் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். அவர்தான் பேசினார்.

"மூக்கு செத்த கூர்மையா இருக்கும்மா. கன்னம் இம்புட்டு உப்பாது. இடது கையில கபாலம் நல்லாத் தெரியணும்."

உடம்பு, நகை, ஆயுதம் எல்லாம் முடிந்தது. கண் மட்டும் பாக்கி. கண்ணைக் கடைசியில்தான் வரைய வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதற்காக ஏழு பேரும் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள். நான் பேனாவை வைத்தேன். அப்போதுதான் தலைவர் மானிட்டரிலிருந்து கண்ணை இறக்கி என் கையைப் பார்த்தார். ஒரு மணி நேரமாக வரைந்தது அதே கைதான்.

"ஏம்மா, நொட்டாங்கையாலயா அம்மனுக்குக் கண்ணைத் திறக்கப் போற?"

அவர் கத்தவில்லை. கவலையாகத்தான் கேட்டார், அதுதான் இன்னும் மோசம். அவர் அம்மனுக்கு இடது பக்கம் மட்டும் நாலு கை. ஒவ்வொன்றையும் சரியாக வரையச் சொல்லி என் உயிரை வாங்கிய மனிதர் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி உள்ளே புகுந்தார். "இல்லைங்கய்யா, இது சும்மா அவுட்லைன். ஃபினிஷிங் பூரா வலது கையிலதான் பண்ணும். வாங்க, ஒரு டீ சாப்ட்டு வந்துருவோம்."

டீக்கடைக்குப் போனார்கள். போய்வந்த அந்த நேரத்தில் நான் இடது கையால் இரண்டு கண்ணையும் வரைந்து முடித்தேன். திரும்பி வந்த தலைவர் மானிட்டரைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்பத்தான் ஆத்தா வந்திருக்கா. வலது கைன்னா வலது கைதான்" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது.

மறுநாள் அண்ணாச்சி மர ஆசாரியை வரவழைத்திருந்தார். இடது கை கஸ்டமர் கண்ணில் படாதபடி என் மேஜையை இப்படி மாற்றினார்கள். இடது பக்கம் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு ஒரு பிளைவுட் மறைப்பு. கீபோர்டை மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு, கீழே கீபோர்டு இருந்த இழுப்பு ட்ரேயில் பேட். ட்ரேக்கும் மேஜைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. பேனா பிடித்த கை நுழையவில்லை. அதனால் ட்ரேயை ஒரு சாண் கீழே இறக்கினார்கள். இப்போது முழங்கால் இடித்தது. அதனால் நாற்காலியை இறக்கினார்கள். நாற்காலி இறங்கியதும் மானிட்டர் எனக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது, கழுத்தைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். மானிட்டரை மட்டும் யாரும் இறக்கவில்லை. நிற்கிற கஸ்டமருக்கு அந்த உயரம் சரியாக இருந்தது. பீரோ கதவுத் தாளில் என்னென்ன செய்யக் கூடாது என்று போட்டிருக்கிறதோ அத்தனையையும் ஒரே காலை நேரத்தில் டேப் பிடித்து அளந்து செய்தார்கள். ஆசாரி வேலை சுத்தமாகவே இருந்தது.

மவுஸ் அதற்கு மறுநாள் வந்த யோசனை. ஒரு கை மேஜைக்குக் கீழே இருக்கும்போது இன்னொரு கை சும்மா இருந்தால் சந்தேகம் வருமாம். "மேல மவுஸைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டிக்கிட்டு இரு" என்றார் அண்ணாச்சி. ஆட்டினேன். மானிட்டரில் அம்பு தறிகெட்டு ஓடியது, கீழே பேனா போட்ட கோடு கோணியது. உடனே அவரே மவுஸைத் தலைகீழாகத் திருப்பி, மூடியைத் திறந்து, பாட்டரியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப ஆட்டு."

அப்படி மூன்று வருடம் ஆட்டினேன். மேஜைக்கு மேலே வலது கை உயிரில்லாத மவுஸை உருட்டும், டிக் டிக் என்று சத்தம் போடும். மேஜைக்குக் கீழே இடது கை, ட்ரே விளிம்பில் முழங்கையை ஊன்றி, மணிக்கட்டை மடக்கி, அம்மனையும் மாப்பிள்ளையையும் செத்துப்போனவர்களையும் வரையும். வேலை நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. வேலை கெட்டிருந்தால் அந்த ஏற்பாட்டை எப்போதோ கலைத்திருப்பார்கள்.

வலது கைக்குப் பேர் வந்தது. கைராசிக்காரப் பிள்ளை என்றார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு அம்மா, முதல் பத்திரிகையை அந்தக் கையில் கொடுத்து, கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாமி வரைகிற கையாம். என் இடது கை அப்போது ட்ரேக்குள் மரத்துப்போய்க் கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. என் உடம்பிலேயே ஒரு கை உழைக்கவும் ஒரு கை மாலை வாங்கவும் பிரித்துவைத்துவிட்டார்கள், நான் மாதாமாதம் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன்.

முதலில் கழுத்து வலித்தது. பிறகு முழங்கையின் உள்பக்கம், ட்ரே விளிம்பு படுகிற இடத்தில், தொட்டால் சுரீர் என்று விரல் நுனிவரை ஓடும். பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கிருஷ்ணன்கோவில் வருவதற்குள்...

இல்லை, பொய் சொல்லக் கூடாது, என் பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. கோபம் வந்தால் எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற பழக்கம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் கால் மணி, அரை மணி தூரம்தான். அதற்குள் கை மரத்துவிடும். அதுவே போதும்.

"ஏட்டி, எதுக்குக் கையை ஒதறிக்கிட்டே இருக்க?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, "நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், வலது கையில பழகுன்னு. கேட்டியா?" என்றாள். கையை உருவிக்கொண்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அண்ணாச்சியிடம் பேட்டை மேலே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். "சித்திரை முடியட்டும்மா, பொங்கல் சீசன்" என்றார். சித்திரை முடிந்து கேட்டேன். "ஆடி கழியட்டும்" என்றார். ஆடி கழிந்தபோது ஆவணி முகூர்த்தம் வந்தது. இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் தமிழ் மாதம் பன்னிரண்டும் தீர்ந்து மறுபடி சித்திரை வரும் என்று தெரிந்தபோது, ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அண்ணாச்சி அசைந்து கொடுத்தார். மறுவாரம் ஒரு நாற்காலி வந்து இறங்கியது.

முதுகுக்கு வலை, இடுப்புக்கு மெத்தை, கழுத்துக்குத் தலையணை, எல்லாப் பக்கமும் திருகு. அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் என்னிடம் தந்தார். "பிள்ளைக்கு முதுகுவலின்னுச்சு, அதான் பெரிய ஐடி கம்பெனியில போடுத சேரா வாங்கிப் போட்டுட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்கு முதுகு வலிக்கவே இல்லை. நாற்காலியின் கைப்பிடி ட்ரேக்குக் கீழே நுழையவில்லை, அதனால் மேஜையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, குனிந்து, கையை எட்டி நீட்டி வரைய வேண்டியதாயிற்று. பத்து நாளில் என் பழைய நாற்காலியைத் தேடி எடுத்துக்கொண்டேன். புது நாற்காலியில் அண்ணாச்சி உட்கார்ந்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டவராக இருந்திருந்தால் முதல் வருடமே சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவர் நல்லவராக இருந்துதான் என் மூன்று வருடம் போனது.

பிசியோதெரபி டாக்டரிடம் போனது அதன் பிறகு. என்னைவிடச் சின்ன வயதுப் பெண். விரல்களை ஊசி நுனியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சுண்டு விரலில் தொட்டது தெரியவில்லை. ஒரு தாளை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பிடிக்கச் சொல்லி இழுத்தார், தாள் சும்மா உருவிக்கொண்டு வந்தது.

"நீங்க உக்காருற முறை தப்பா இருக்கும். எப்படி உக்காந்து வரைவீங்கன்னு காட்டுங்க" என்றார்.

அவர் மேஜையிலேயே காட்டினேன். நாற்காலியை இறக்கினேன். இடது கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனேன். கழுத்தைத் தூக்கிச் சுவரில் இருந்த பைபிள் வசனக் காலண்டரைப் பார்த்தேன். வலது கையால் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பிடித்து உருட்டினேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்தினார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். மூணு வருசமா."

அவர் என் கையைத் திருப்பி முழங்கையின் உள்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு முழங்கையில் நரம்பு நசுங்குகிறது என்று படம் போட்டு விளக்கினார். "இது இப்படியே போனா விரல்ல பிடி போயிரும். பேனா நிக்காது. பயிற்சி நான் சொல்லித் தருவேன். ஆனா அந்த மேஜையை மாத்தாம இங்க வர்றதுல பிரயோசனம் இல்ல."

மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன்.

"மேல கெடாது. போனது எம்புட்டுத் திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பிறகுதான் அந்தத் தாளைக் கொடுத்தார்.

தாளைக் கசக்கியது அன்றைக்கு. எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். வரைய முடியாது என்றால் நான் யார் என்று எனக்குத் தெரியாது. அப்படி இருந்தும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுநாளும் அதே ட்ரேக்குள்தான் கையை விட்டேன். பொங்கல் சீசன் ஆரம்பித்திருந்தது, சீசன் முடியட்டும் என்று இந்தத் தடவை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அண்ணன் இறந்து பத்து நாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதிலும் மழையில் நனைந்து பாதி முகம் போய்விட்டது. மீதி முகத்தை நான் வரைந்து கொடுக்க வேண்டும், பதினாறாம் நாளுக்குச் சட்டம் போட்டு வைக்க. அவள் எனக்குப் பின்னால் நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னாள். புருவம் அப்பாவைப் போல, கண் தன்னைப் போல. தன் கண்ணைத் திறந்து எனக்குக் காட்டினாள்.

இமையை இழுத்துக்கொண்டிருந்தபோது பேனா என் விரலை விட்டு நழுவியது. ட்ரேயில் விழுந்து, உருண்டு, தரைக்குப் போனது. நான் குனிந்து எடுக்கலாம். ஆனால் குனிந்தால் இடது கை வெளியே வரும். அண்ணாச்சி எதிரே நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் குனியவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? மேலே மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தேன். டிக் டிக் என்று சத்தம் வந்தது. மானிட்டரில் ஒன்றும் அசையவில்லை. அரை இமையோடு அவள் அண்ணன் எங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, அப்படியே நிக்குது?" என்று அவள் கேட்டாள்.

"சிஸ்டம் ஹேங் ஆயிருச்சும்மா. செத்த நேரம் உக்காரு" என்றார் அண்ணாச்சி.

அவள் நம்பினாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து, கையில் இருந்த அந்த நனைந்த போட்டோவைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பறிகொடுத்தவளிடம், உயிரில்லாத ஒரு பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வந்த கோபம் மாதிரி எனக்கு எப்போதும் வந்ததில்லை. அது அண்ணாச்சி மேல் இல்லை. அந்த மவுஸைக் கீழே வைக்காத என் வலது கை மேல் வந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கையால் சோற்றைத் தொடப் பிடிக்கவில்லை.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டேன். வீட்டிலிருந்து ஸ்குரூ டிரைவர் கொண்டுபோயிருந்தேன். பீரோவிலிருந்து உரித்த தாளும் பையில் இருந்தது. ட்ரேக்கு ஆறு ஸ்குரூ, பிளைவுட் மறைப்புக்கு எட்டு. இரண்டையும் கழற்றிக் கடை வாசலில் சாத்தினேன். மானிட்டரைத் தூக்கி நிறுத்தியிருந்த பெட்டியை உருவி, என் கண் மட்டத்துக்கு இறக்கினேன். அண்ணாச்சியின் நாற்காலியை இழுத்து வந்து, கைப்பிடி இரண்டையும் கழற்றி எறிந்து, முழங்கை மேஜைக்குச் சரியாக வரும்வரை ஏற்றினேன். பாதம் தரைக்கு எட்டவில்லை, மானிட்டருக்குக் கீழே இருந்த அதே பெட்டியைக் காலுக்குப் போட்டேன். பேட்டை மேஜை மேல், நெஞ்சுக்கு நேரே வைத்தேன். தலைகீழாக. டிக் அப்படியே இருந்தது, அதை யாரும் எடுத்திருக்கவில்லை.

முதலில், அன்றைக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்த வத்திராயிருப்புப் பெண்ணின் அண்ணனுடைய இமையை முடித்தேன். விரலில் பிடி நிற்கவில்லை, நாலு தடவை அழித்தேன். ஆனால் முடித்தேன்.

அண்ணாச்சி வந்து வாசலில் கிடந்த பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் அவருக்குப் பின்னால் வேன் வந்து நின்றது. சேத்தூர்ப் பக்கத்துக் கமிட்டி, அதே ஏழு பேர், அந்த வருடப் பேனருக்காக. அப்படி ஒரு நேரம் வாய்த்தது எனக்கு.

"நாங்க சொல்லச் சொல்ல ஆத்தாவை அப்படியே கொண்டாந்த கையிம்மா உன் கை. இந்தத் தடவையும் நீதான்" என்றார் தலைவர். போன வருடப் பேனரைச் சுருட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "தாயி, அந்த மவுஸையாச்சும் பிடிச்சுக்கோ. அவிய போற வரைக்கும்."

மவுஸை எடுத்தேன். எழுந்து போய் அதைத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"இதுதான் போன வருசம் உங்க அம்மனை வரைஞ்சுச்சு. ஆட்டிப் பாருங்க."

அவர் மேஜை மேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். மானிட்டரில் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து, லைட்டே எரியவில்லையே என்றார்.

"பாட்டரி இல்ல" என்றேன். "மூணு வருசமா இல்ல. மூணு பொங்கலுக்கும் உங்க அம்மனுக்குக் கண்ணைத் திறந்தது இந்தக் கை." இடது கையைத் தூக்கிக் காட்டினேன். "மேஜைக்குக் கீழ ஒளிச்சு வச்சு வரைஞ்சேன். இனிமே ஒளிக்க முடியாது, கை போயிரும். வலது கைதான் வேணும்னா வேற கடை பாத்துக்கோங்க."

அண்ணாச்சி சுவரோடு ஒட்டி நின்றார். தலைவர் மவுஸின் மூடியைத் திறந்து பார்த்தார், காலியாக இருந்தது, மூடினார். சுருட்டி வைத்திருந்த பேனரைப் பாதி விரித்து அம்மன் முகத்தைப் பார்த்தார். அவர் கிளம்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். திட்டுவார், பரிகாரம் கேட்பார் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன், பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

அவர் மவுஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "போன வருசம் மூக்கு செத்த பெருசாப் போச்சும்மா. மொதல்ல அதைப் பாரு" என்றார்.

மற்ற ஆறு பேரும் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒருவர் கம்மல் சின்னதாக இருக்கிறது என்றார். இன்னொருவர் அது சரிதான் என்றார். அண்ணாச்சி டீ சொல்லப் போனார்.

ஒரு நிமிடம். மொத்தம் அவ்வளவுதான் ஆகியிருக்கும். மூன்று வருடம் என் கையை ஒளித்துவைத்த விஷயம் ஒரு நிமிடத்தில், டீ வருவதற்குள், முடிந்துபோனது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கண்ணை இருட்டிக்கொண்டு கோபம்தான் வந்தது. இவ்வளவுதான் என்றால் முதல் நாளே கேட்டிருக்கலாமே. அவர் கேட்ட அன்றைக்கே, ஆமாம், இந்தக் கையால்தான் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் இருந்தது.

உட்கார்ந்து, போன வருட அம்மன் படத்தை மானிட்டரில் திறந்து, பேனாவை எடுத்து மூக்கைச் சின்னதாக்கினேன். முழங்கை மேஜை மேல், பாதம் பெட்டி மேல், மானிட்டர் கண்ணுக்கு நேரே, எல்லாம் தாளில் இருப்பதைப் போலவே இருந்தது. சுண்டு விரல் பேட்டின் மேல் படிந்து பேனாவோடு நகர்ந்துகொண்டிருந்தது. அது தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.